வீட்டுக் கல்

எங்கள் குடும்பத்தில் மேடை ஏறியவள் ஒருத்திதான். அவள் என் தங்கை. ஏறினாள் என்பதைவிட மேடையில் விழுந்தாள் என்பதே சரி. பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, வாளிக்குள் கால் மாட்டி விழுந்தாள். பிறகு பதின்மூன்று வருடம் தொலைக்காட்சித் தொடரில், வாடகை கேட்க வந்து படியில் சறுக்கும் வீட்டுக்காரம்மா. சினிமாவில் முதலில் கதாநாயகியின் தோழி, அப்புறம் சித்தி, கடைசியில் எல்லோரிடமும் திட்டு வாங்கும் சமையல்காரி. எல்லாவற்றிலும் விழுந்தாள். ஜனங்கள் அவளுக்கு வைத்த பெயர் தொபுக்கடி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கையெழுத்துகளைச் சரிபார்த்த என்னை, "தொபுக்கடியோட அண்ணன் போறாரு" என்று தெருவில் காட்டினார்கள்.

அவள் நடித்து, அண்மைக்காலம் வரை, நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அவளுடைய முதல் நாடகம். கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்று போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளும் என்னோடு வரவில்லை.

போன வருடம் அவளுடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. விழ முடியாதவளுக்கு சினிமாவில் என்ன வேலை? அவள் இடத்துக்கு ஓர் இளம்பெண்ணைப் போட்டார்கள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு பெட்டிகளோடு என் வாசலுக்கு வந்தாள். மாடி அறையைக் கொடுத்தேன். நிபந்தனையையும் அப்போதே சொன்னேன்.

"இந்த வீட்டு மானத்துக்குக் குறைவா ஒண்ணு நடந்தாலும் நீ பெட்டியைக் கட்டிடணும்."

"கட்டுற சிரமமே வேண்டாம்ணா. பிரிச்சாத்தானே கட்டணும்?" என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

வீட்டு மானம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அம்மாவின் மோதிரம். தாத்தா போட்டது, ஒற்றைச் சிவப்புக் கல். எங்கள் வீட்டில் அதை 'கல்' என்றுதான் சொல்வோம். அது பீரோவில் இருக்கிறது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.

ஒரு நாள் அவள் அந்தச் சாவியைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"அம்மாவோட பழைய மூக்குக்கண்ணாடி வேணும்ணா. சும்மா போட்டுப் பார்க்க."

சும்மா என்ற சொல்லை நான் நம்புவதில்லை. என் மேசைக்கு வந்த வில்லங்கப் பத்திரங்கள் எல்லாம் யாரோ சும்மா கையெழுத்துப் போட்டவைதான். மூக்குக்கண்ணாடியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் கண் மோதிரப் பெட்டியின் பக்கம் போகிறதா என்று கவனித்தேன். போகவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "கல்லு எங்க வீட்டிலேயே இருக்குப்பா. பழைய கல்லு, இப்பல்லாம் எங்க கிடைக்குது? வெள்ளிக்கிழமை எப்படியாவது கொண்டு வந்துடறேன். அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது. தெரிஞ்சா காரியமே கெட்டுடும்."

சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு வழுக்கைத் தலைக்காரன் அவளைப் பார்க்க வந்தான். கூடத்தில் தேநீர் குடித்தபடி என்னையே உற்றுப் பார்த்தான். ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். நான் பேப்பரைப் புரட்டினேன். வாசலில் அவளிடம் அவன் தாழ்ந்த குரலில் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. "நல்ல கல்லுதான், அக்கா. நான் நினைச்சதைவிடக் கெட்டி."

அவன் எப்போது கல்லைப் பார்த்தான்? ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். மோதிரம் இருந்தது. இருந்தால் மட்டும் போதுமா? போலிப் பத்திரமும் அசல் இருந்த இடத்தில்தான் இருக்கும். நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இது வெறும் கண்ணாடி."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துத்தான் சொல்றேன். வேலைப்பாடு சுத்தம். கல்லு பொய்."

ஆக, மாற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் வந்து நின்றாள். "அண்ணா, எங்கூட ஒரு இடத்துக்கு வரீங்களா? என்ன ஏதுன்னு மட்டும் கேட்காதீங்க." வரமாட்டேன் என்றேன். முகம் தொங்கிப் போயிற்று. முழங்கால் நோவோடு அவள் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பெட்டிகளையும் மாடியிலிருந்து இறக்கி வாசலில் வைத்தேன். மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாடகைக் காரில் பின்னாலேயே போனேன்.

அவள் நுழைந்தது ஒரு சிறிய நாடக அரங்கம். ஐம்பது அறுபது மடக்கு நாற்காலிகள், அதில் பாதிக்கு ஆட்கள். மேடையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் நேராக முன்னால் போனேன்.

"கல்லை என்ன பண்ணினே?"

வழுக்கைத் தலைக்காரன் துள்ளி எழுந்தான். "வந்துடுச்சு! கல்லு வந்துடுச்சுக்கா!" என்று கத்தினான். சிலர் கைதட்டினார்கள். நான் மோதிரத்தை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"கடையில பார்த்துட்டேன், இது கண்ணாடி. அசலை யாருக்கு வித்தே?"

கைதட்டல் நின்றது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி என் காதருகே வந்தாள்.

"அண்ணா, அது அம்மா காலத்திலேயே கண்ணாடிதான். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மாத்தினாங்க. நான்தான் கூடப் போனேன். உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க தலை நிமிர்ந்து நடக்கணுமாம்."

நாற்பது வருடம். பொய்க் கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் பிடித்தவன் நான்.

"அப்ப இவன் கெட்டின்னு சொன்னது?"

வழுக்கைத் தலைக்காரன் நெளிந்தான். அவன்தான் அந்த நாடகத்தின் இயக்குநராம். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வரிசையில சிரிக்காம உட்கார்ந்திருப்பாரே ஒருத்தர், அவரை நாங்க கல்லுன்னு சொல்லுவோம். அவரை அசைச்சுடணும்னுதான் அக்கா நடிப்பாங்க. கல்லு இல்லைன்னா அவங்களுக்கு வேலை ஓடாது. இன்னிக்கு வெள்ளோட்டம். இது நல்லா வந்தாத்தான் முப்பது காட்சிக்கு அவங்களை எடுப்பாங்க."

"முதல் நாடகத்தன்னிக்கு வந்து உட்கார்ந்தீங்களே," என்றாள் அவள். "அன்னிக்குப் பிடிச்ச பழக்கம். நீங்க வராதப்பவும் முதல் வரிசையில உங்க மூஞ்சியைத்தான் நினைச்சுக்குவேன்." பிறகு அரங்கத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "நம்ம வீட்டில இருக்கிற ஒரே அசல் கல்லு நீங்கதாண்ணா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதல் வரிசையில் உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை.

நாடகத்தில் அவள் விழவே இல்லை. அவள் வேடம், பதிவு அலுவலகத்துக்கு வந்த கிழவி. தன் கையெழுத்தையே நம்பாதவள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்படியே என் கையெழுத்து மாதிரியே இருக்கு சார். அதனாலதான் சந்தேகமா இருக்கு."

நாற்காலிகள் கிறீச்சிட ஜனங்கள் சிரித்தார்கள். என் தொண்டையிலும் ஏதோ கிளம்பியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துவிட்டால் அவளுக்குக் கல் இல்லை. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு மணி நேரம் கல்லாக இருந்தேன். அலுவலகத்தில்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

முப்பது காட்சிக்கும் அவளையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டு வாசலில் பெட்டிகளைப் பார்த்ததும் அவள் நின்றாள்.

"யாருண்ணா ஊருக்குப் போறாங்க?"

"துணியெல்லாம் பூசணம் பிடிக்குது. மேல போய்ப் பிரிச்சு வை," என்றேன். அவள் முழங்காலுக்கு ஆகாது என்று ஒரு பெட்டியை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன். நாலாவது படியில் கால் இடறியது. பெட்டி ஒரு பக்கம் உருள, நான் தொபுக்கடீர் என்று படியில் உட்கார்ந்தேன்.

"அடி பட்டுச்சாண்ணா?"

"இல்லை."

கீழே நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. முப்பது வருடம் விழுந்தே பேர் வாங்கியவள், நான் விழுந்ததற்குச் சிரிக்கவில்லை. வேண்டுமென்றேதான் சிரிக்காமல் நின்றாளோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம் இருக்கிறது.