வாயை மட்டும் அசைத்த மூன்று ஞாயிறுகள்

மூன்று ஞாயிறுகளாக ஆலயத்தில் நான் பாடவில்லை. பாடகர் குழுவில் என் இடத்தில் நின்று, பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தேன்.

முதல் ஞாயிறு அது வேண்டுமென்று செய்ததல்ல. அந்த வாரம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் லீவு. அவர்கள் பங்கு ஈரப் போர்வைகளையும் நானே இயந்திரத்திலிருந்து இழுத்துப் போட்டேன். ஆறு நாளும் அங்கிருந்து நேராக மாலை வகுப்பு. மருந்துப் பெயர்களை எழுதிக்கொள்வேன். மறுநாள் என் எழுத்து எனக்கே புரியாது. ஞாயிறன்று இரண்டாம் சரணத்தில் குரல் வரவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு தெரிந்தே செய்தேன். கொஞ்ச நாளாகவே என் ஜெபம் சுவரிடம் பேசுவதுபோல இருந்தது. ஆண்டவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் ஆமென் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கை தூரத்தில் நிற்பவருக்கே நான் பாடுகிறேனா இல்லையா என்று தெரியவில்லையே. இப்படி யோசிப்பது சரியில்லை என்று நோட்டில் எழுதினேன். ஏன் சரியில்லை என்று எழுத வரவில்லை. மூன்றாம் ஞாயிறும் ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்காவிட்டால் பாட்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆலயத்துக்குப் போவதையும் நிறுத்திவிடுவது என்று அதன் கீழே எழுதினேன்.

தங்கையிடம் மட்டும் சொன்னேன்.

"தொட்டி மீன் மாதிரி நின்னுட்டு வந்திருக்க," என்றாள். "மீனையாவது நாலு பேர் நின்னு பாப்பாங்க."

மூன்றாம் ஞாயிறும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு, ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். பயிற்சி முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று அன்றும் வாயை அசைத்தபடி நின்றேன். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் நாங்கள் மூன்றே பேர். நான், என் இடப்பக்கம் தையல்கார அக்கா, அந்த ஓரத்தில் எங்களுக்குப் பாட்டுப் பழக்கும் மாஸ்டரின் மனைவி. அவர் தப்பாகப் பாடினாலும் அது சரிதான்.

பாதிப் பாட்டில் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மூணு வாரமாப் பாக்கறேன். ஆல்ட்டோ பஞ்சரான வண்டி மாதிரி இழுக்குது. யாரு அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தையல்கார அக்கா, "நான்தான் மாஸ்டர். தொண்டை கட்டியிருக்கு," என்றார்.

"தொண்டை கட்டினா சத்தம் வராது. உங்களுக்கு நல்லாவே வருது, தப்பா வருது. நாளைக்கு நீங்க பாட வேணாம். சும்மா உக்காந்துக்கங்க."

"சரி மாஸ்டர்."

பயிற்சி முடிந்ததும் அக்கா படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"தொண்டைக்கு என்னக்கா?"

"தொண்டைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு." நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அந்தத் தாள்ல இருக்கற புள்ளியும் கோடும் ஒண்ணும் புரியாது. பதினோரு மாசமா உன் குரலைக் கேட்டுத்தான் கூடவே பாடறேன். துணியில சாக்பீஸ் கோடு போட்டா அது மேலயே வெட்டிட்டுப் போயிடலாமில்ல, அப்படி. மூணு வாரமாக் கோட்டைக் காணோம். குத்துமதிப்பா வெட்டினேன். மாட்டிக்கிட்டேன்."

நானும் படியில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சும் ஏன்கா என்னைக் கேக்கல?"

"கேட்டா அழுதுருவியோன்னு இருந்துச்சு. முகம் அப்படி இருந்துச்சு. அதான் உன்னை விட்டுட்டு ஆண்டவர்கிட்ட கேட்டேன். தினமும் மெஷின்ல உக்காரும்போது முதல்ல உன் பேருதான்."

"மாஸ்டர்கிட்ட என்னைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? உன்னையும் திட்டுவாரு. நீ ஏற்கெனவே பாதி ஆளாத்தான் இருக்க."

பையிலிருந்து ஃபைலை எடுத்துக் காட்டினேன். எதற்குக் கொண்டுவந்தேன் என்பதையும், யாருமே என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்ததையும் சொன்னேன். ஆண்டவரைப் பற்றி நினைத்ததையும் சொன்னேன். அக்கா ஃபைலை வாங்கவில்லை.

"நான் யாரையும் அவ்வளவு உத்துப் பாக்கற ஆள் இல்ல. வீட்டுல என் புருஷன் மீசை எடுத்ததையே ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன். உன்னைப் பாக்க வச்சது யாருன்னு நினைக்கிற?"

ஃபைலைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

"பாட முடியலன்னா பாடாத," என்றார். "வந்து பக்கத்துல நில்லு. அது போதும்."

நான் எழுந்து உள்ளே திரும்பிப் போனேன். மாஸ்டர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகப் பாடாதது நான்தான், அதனால்தான் அக்காவுக்குத் தவறியது, அவரைப் பாடச் சொல்லுங்கள் என்றேன். அவர் நாற்காலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாப்பிடறியா ஒழுங்கா?"

"சாப்பிடறேன் மாஸ்டர்."

"நாளைக்கு ரெண்டு பேருமே உக்காருங்க. அடுத்த வாரத்திலிருந்து பாடிக்கலாம். ஆல்ட்டோவை என் வீட்டுக்காரம்மா ஒருத்தியே பாத்துக்குவா. எனக்கு வேற கதி?"

ஞாயிறன்று பாடகர் பெஞ்சின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஃபைல் என் மடியில் இருந்தது. முதல் பாட்டு வரை நினைவிருக்கிறது. பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் கண்ணைக் கொஞ்சம் மூடினேன்.

விழித்தபோது சபை முழுவதும் கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. என் தலை அக்காவின் தோளில் இருந்தது. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் அங்கிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்திருந்தார்.

நான் விழித்துவிட்டதை உடனே காட்டிக்கொள்ளவில்லை.