காரணம் கேட்காத ஒப்பந்தம்

நட்பு நாட்டை எவன் தொட்டாலும் நாமும் போரில் இறங்குவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியவர் ஒரு வெளியுறவுத் துறை அதிகாரிதான். எதிர் முகாமும் அதேபோல் எழுதிக்கொண்டது என்று தெரிந்ததும், ‘காரணம் கேட்கக்கூடாது’ என்று ஒரு வரியையும் சேர்த்தார். அமைச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் எங்கோ இரண்டு குட்டி நாடுகள் ஒரு பாலத்துக்காக அடித்துக்கொண்டன. ஒன்று நமக்கு நட்பு, மற்றது அவர்களுக்கு. அவ்வளவுதான்.

இன்று காலை அதிகாரியின் மருமகனுக்குப் பட்டாளத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்: “எதுக்கு சண்டைன்னு கேக்கல மாமா. அந்த ஊரு எங்க இருக்குன்னாவது சொல்லுங்க.”

மகள், பேத்தியின் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, அகரவரிசையில் தேட ஆரம்பித்தார்.