உயரம் குறைத்த கார்

ஜெபநேசன் பனியில் குப்புறப் படுத்து, காரின் வயிற்றுக்கடியில் பனி அள்ளும் சவளை விட்டு இழுத்தார். உதிரிப் பனி இல்லை, இறுகிக் கல்லாகியிருந்தது. நாலு சில்லும் இழுக்கிற கார்தான். ஆனால் அடித்தட்டு பனிமேட்டில் ஏறிக் குந்திவிட்டதால் நாலும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

முதல்நாள் மாலை மகள் தபிதாதான் அவரை, கடைசிக்கால நோயாளரைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸிலிருந்து வீட்டுக்கு அனுப்பினாள். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வரட்டும், அதுவரை அம்மாவோடு தான் இருப்பதாகச் சொன்னாள். இரவு பனி கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் அழைத்தாள். அம்மாவின் மூச்சு மாறிவிட்டது, உடனே வாருங்கள். பஸ் ஓடவில்லை. டாக்சிக்காரர் வர மறுத்தார்கள். ஹொஸ்பிஸ் இருக்கும் சில்க்போர்க் நகருக்குப் போகும் வயல் ரோட்டின் பாதியில் கார் இப்படி மாட்டிக்கொண்டது.

கராஜ்காரன் கோடையிலேயே சொன்னவன், இந்தக் காருக்குப் பலமே உயரம்தான், ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழப் பதித்தால் பனிக்குள் வயிறு தட்டும் என்று. ஜெபநேசன் சிரித்தார். டென்மார்க்கில் பனி எங்கே, மழைதானே என்றார்.

மனைவி இன்பமலரின் இடுப்பெலும்புக்குள் அப்போது நோய் இறங்கியிருந்தது. அந்த உயரத்துக்குக் கால் எழும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர்தான் தூக்கி இருத்தினார்.

"என்னைச் சீமெந்துப் பை மாதிரித் தூக்காதேங்கோ. சனம் பாக்குது" என்பாள். பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டாள். அதனால்தான் காரைப் பதித்தார்.

ஃபோன் அடித்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று தபிதா டேனிஷில் கேட்டாள்.

"பனிக்குள்ள இறுகிப்போச்சு பிள்ளை. வாறன், வாறன்."

அம்மாவின் காதில் ஃபோனை வைக்கிறேன், கதையுங்கள் என்றாள்.

"என்னத்தைக் கதைக்க? ஜெபம் பண்ணட்டோ?"

எதையாவது கதையுங்கள் என்றாள்.

அவர் ஃபோனைப் பனியில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். இன்பமலரின் மூச்சு கேட்டது. நீண்ட இடைவெளி விட்டு, இன்னொன்று.

"மலர், நான்தான். கொஞ்சம் பொறும். கிட்ட வந்திட்டன்." சவள் மறுபடி உள்ளே போனது. "காரைப் பதிச்சுக் கொண்டுவந்த அண்டைக்கு, நான் கதவைத் திறக்க முதல் நீர் ஏறிக் குந்திட்டீர். 'என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள், எடுங்கோ, போவம்' எண்டீர். எவ்வளவு திரிஞ்சனாங்கள் என்ன? ஒரு ஏரி விடயில்லை."

வயல் பக்கமிருந்து ஒரு ட்ராக்டர் வந்தது. அதன் இரைச்சலில் மூச்சுச் சத்தம் அமுங்கிப்போனது. கமக்காரன் இறங்கி வந்தான். ஜெபநேசன் ஃபோனைக் காட்டி "ஹொஸ்பிஸ்" என்ற ஒரு சொல் மட்டும் சொன்னார். அவன் ஒன்றும் கேட்காமல் கயிற்றை எடுத்துக் கட்டத் தொடங்கினான்.

"ஐஸ்கிறீம் கடையைக் கண்டவுடனை நிப்பாட்டுங்கோ எண்டீர். தனிய இறங்கிப் போய் ரெண்டு கோனோட வந்தீர். எனக்குச் சொக்லேட் பிடிக்காதெண்டு தெரிஞ்சும் ரெண்டும் சொக்லேட். பிறகு ரெண்டையும் நீரே திண்டீர்."

கார் ஒரு குலுக்கோடு மேட்டை விட்டு இறங்கியது. கமக்காரன் கையை மட்டும் உயர்த்தினான். ஜெபநேசன் ஃபோனைப் பக்கத்து இருக்கையில் வைத்து, மெல்ல ஓட்டினார். அடித்தட்டில் பனி உரசிக்கொண்டே வந்தது. பேச்சை அவர் விடவில்லை. அவளுடைய அக்கா கலியாணத்தில் முதன்முதல் கண்டதைச் சொன்னார். தபிதா பிறந்த அன்று தான் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்ததைச் சொன்னார்.

"மே மாதம் பீச் மரக்காடு துளிர்க்கேக்க பாக்கோணும் எண்டனீர். போவம் மலர். நீர் எப்ப சொல்லுறீரோ அப்ப போவம்."

ஃபோனும் கையுமாக அவர் உள்ளே போனபோது ஹொஸ்பிஸ் நடையில் தபிதா நின்றாள். ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"வந்திட்டன்" என்றார் ஜெபநேசன். அவருடைய குரல் அவள் கையிலிருந்தும் கேட்டது.

அவள் முகத்தைப் பார்த்தார். ஃபோனை நிறுத்தினார்.

"எப்ப?"

எப்போதும் டேனிஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை தமிழில் சொன்னாள்.

"ஐஸ்கிறீம் கதை சொல்லேக்க, அப்பா."

"அதுக்குப் பிறகும் கனநேரம் கதைச்சனே."

"ஓம். நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

அறையில் தாதி யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தாள். இந்த நாட்டில் ஒருவர் போனால், உயிர் வெளியே போகட்டும் என்று அப்படித்தான் செய்வார்கள். குளிர்காற்று திரைச்சீலையை மெல்ல அசைத்தது. ஜெபநேசன் சாத்தப் போனார். கொளுக்கியில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டார். திரும்பி வந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அவளுடைய பாதங்களை மூடி, நுனியை மெத்தைக்கடியில் செருகினார்.