எண்ணெய் தேய்த்த நாய்க்குப் பரிசு கிடையாது

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். குற்றாலத்தில், மெயின் அருவிக்குப் போகிற வழியில், ஒரு மரப்பலகையில். எண்ணெய் தேய்ப்பவர் பலவேசம் என் முதுகின்மேல் ஏறி உட்காராததுதான் குறை. பலகைக்குக் கீழே ஒரு நாய், சொட்டுகிற எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த என் கையில் அதன் வால் பட்டுக்கொண்டே இருந்தது.

"இதுக்கும் கொஞ்சம் தேய்த்துவிடுங்களேன்" என்றேன், சும்மா வேடிக்கைக்கு.

"எண்ணெ தேச்ச நாய்க்குப் பிரைசு கெடையாது அண்ணாச்சி. வெள்ளக்காரன் காலத்துல எங்க வீட்டு நாய்க்கே அப்படித்தான ஆச்சு. நாய் ஷோவுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில..."

அந்த இடத்தில் என் விலாவில் ஓங்கி இரண்டு குத்து விட்டார். மீதி என் அலறலில் போய்விட்டது. மறுபடி கேட்பதற்குள் அடுத்த முதுகு வந்து காத்துக்கொண்டிருந்தது.

ஆக, என் கைமுதல் இரண்டரை வாக்கியம். மற்றதெல்லாம் நான் கட்டியது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: "1937ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். சாரல் பன்னீர் தெளித்தாற்போல்..." வேண்டாம். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் சாரல் பன்னீர்தான் தெளிக்கிறது.

இரண்டாம் தொடக்கம் நாயின் வாயிலாக. "என் பெயர் பொட்டு. என் நெற்றியில் வெள்ளையாக..." அரைப்பக்கம் ஓடியது. நாய் என்னைவிட நல்ல தமிழ் எழுதியது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது: "தென்காசி ரயில் நிலையத்தில் நாய்களுக்கும் டிக்கெட் உண்டு." இதில் ஓர் ஆள் நிற்கிற இடம் தெரிந்தது. அங்கே ஆவுடைநாயகத்தை நிறுத்தினேன்.

3.

ஆவுடைநாயகம் ரயில்வே கிளார்க். டிக்கெட் கொடுப்பதும் அவர்தான், வாங்குவதும் அவர்தான். சீசன் பிறந்தால் செங்கோட்டைப் பக்கமிருந்து எஸ்டேட் துரைமார்களும் மதுரைப் பக்கமிருந்து ஜமீன்தார்களும் வந்து இறங்குவார்கள். அவர்களுடைய நாய்கள் கார்டு வண்டியின் நாய்ப்பெட்டியிலிருந்து இறங்கும். துரைமார் பெயரெல்லாம் ஆவுடைநாயகத்துக்கு ஞாபகம் இருப்பதில்லை. "கறுப்பு ஸ்பானியலோட ஐயா" என்பார், "அந்தக் குட்டை டெரியரோட அம்மா" என்பார்.

குற்றாலத்தில் ஆகஸ்டு முதல் சனிக்கிழமை நாய்க் கண்காட்சி.* அன்று அவருக்கு லீவு. மைதானத்துக்குள், கயிறு கட்டிய வட்டத்துக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில், விடிந்ததும் போய் இடம் பிடித்துவிடுவார். கையில் ஒரு நோட்டு. "ஸ்பானியல்: நடை பிரமாதம், வாலில் சோம்பல்." "டெரியர்: போன வருஷத்தைவிட வயிறு கூட. யாரோ பிஸ்கோத்து போட்டிருக்கிறார்கள்." எது ஜெயிக்கும் என்று நடுவருக்கு முன்பே சொல்லிவிடுவார். ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவைதான் தப்பியது. அந்த இரண்டு தடவையும் நடுவர்தான் தப்பு என்பார்.

ஒன்பது வருஷமும் ஓர் ஆசை உள்ளே கிடந்தது: அந்தக் கயிற்றைத் தாண்டி ஒரே ஒரு முறை வட்டத்துக்குள் நிற்க வேண்டும். நாயோடு வருபவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம். இவரிடமோ நாய் கிடையாது.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாய் வளர்க்காத மனிதர் நாய்ப் பைத்தியமாக இருப்பாரா? சமாதானத்துக்காகத் தங்கபுஷ்பம் என்று ஒரு மனைவியைக் கொண்டுவந்து, அவளுக்கு நாய் வாடை ஆகாது என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கிரிக்கெட் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் டீக்கடையில் போடுகிற சத்தத்தை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா?)

\* அப்படி ஒரு கண்காட்சி நடந்ததா என்று தேடாதீர்கள். பலவேசம் குத்திய குத்தில் பிறந்தது அது.

4.

இனி மாரித்தாய். இலஞ்சியில் ஆடு மேய்ப்பவள், தனிக்கட்டை; பலவேசத்துக்கு அத்தைப்பாட்டி என்று வைத்துக்கொண்டேன். அவளுடைய நாய்தான் பொட்டு: செவலை நிறம், ஒட்டிய வயிறு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அது முயலை விரட்டிப் பிடித்ததை வீரகேரளம்புதூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் பார்த்துவிட்டார். "நாய் நல்லா இருக்கே. நாய் ஷோ கழிஞ்சு திங்கக்கெழம ஆள் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு வில்வண்டியில் ஏறிப் போய்விட்டார். கேட்கவில்லை, சொன்னார். பண்ணையாரிடம் முடியாது என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

மாரித்தாய் தண்டவாளத்து ஓரம் ஆடு பத்திக்கொண்டு வந்து அழுதாள். அந்த வருஷம்தான் கண்காட்சியில் நாட்டு நாய்களுக்கென்று ஒரு கப்பு புதிதாக வைத்திருந்தார்கள். ஆவுடைநாயகத்துக்கு மூளை வேலை செய்தது.

"இங்கன பாரு தாயி. கப்பு வாங்கின நாய பண்ணையாரு பிடிச்சிட்டுப் போக முடியாது. பேப்பர்ல உம் பேரும் நாய் பேரும் வந்துரும். ஊரே சிரிச்சிராதா?"

"தோத்துட்டா அண்ணாச்சி?"

"இது தோக்காது. ஒம்போது வருசமா பாக்குதேன், இந்த மாதிரி காலு எந்தத் தொரை நாய்க்கும் கெடையாது."

மதிய வண்டி போனபிறகு பிளாட்பாரக் கோடியில் பத்து நாள் பயிற்சி. நடுவராக ஆவுடைநாயகம், ஸ்டேஷன் குடையை ஊன்றிக்கொண்டு. அந்நியன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் கடிக்கக் கூடாது, வட்டமாக ஓட வேண்டும், நிற்கச் சொன்னால் சிலையாக நிற்க வேண்டும். பொட்டு நான்கே நாளில் கற்றுக்கொண்டது. மாரித்தாய்க்குத்தான் பத்து நாள் ஆனது.

யாரோ ஒரு துரை வெயிட்டிங் ரூமில் விட்டுப்போன விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். ஒன்றைத் தவிர.

5.

ஒன்பதாம் விதி: நாயின் உடம்பில் எதையும் பூசியிருக்கக் கூடாது.

இதை ஏன் சொல்லவில்லை? மறக்கவில்லை. சாயம், பவுடர், துரைமார் போடுகிற ஏதோ களிம்பு என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாரித்தாய்க்கு இதெல்லாம் ஏது? எண்ணெய் அவர் நினைப்பிலேயே வரவில்லை. நம்மூரில் எண்ணெய் பூசுகிற பொருளா என்ன, குளிப்பதில் பாதி அல்லவா?

சனிக்கிழமை காலை மாரித்தாய் நல்லெண்ணெயைச் சுடவைத்து, பொட்டுவின் காது மடல் முதல் வால் நுனி வரை தேய்த்தாள். சீயக்காய் கண்ணில் எரியும், அருவியில் காட்டினாலே போய்விடும் என்று கிளம்பினாள். அன்று அருவி கல்லை உருட்டிக்கொண்டு விழுந்தது. போலீஸ்காரர் ஒருவரையும் கிட்டே விடவில்லை. பாதிக் குளியலோடு பொட்டு வட்டத்துக்குள் போனது. வெயில் பட்டு வெண்கலமாக மின்னியது.

"ஆகா" என்றார் ஆவுடைநாயகம், கயிற்றுக்கு வெளியே. அப்புறம்தான் வாசனை வந்தது.

6.

பொட்டு ஓடியது. நின்றது. பல்லைக் காட்டியது. நடுவர் துரை தலையை ஆட்டிக்கொண்டே வந்து அதன் முதுகைத் தடவினார். கையைப் பார்த்தார், முகர்ந்தார், கைக்குட்டையை எடுத்தார். முன்வரிசை நாற்காலியில் பண்ணையார் காலை நீட்டிக்கொண்டார்.

"யார் எண்ணெய் தேச்சதுன்னு தொரை கேக்காவ" என்றார் மொழிபெயர்க்க நின்ற குமாஸ்தா.

மாரித்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல காரியத்துக்குப் போற பிள்ளைய எண்ணெ தேய்க்காமலா கூட்டிட்டு வருவாக?" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நல்லவேளை, அது யார் காதிலும் விழவில்லை.

பத்தாம் விதி ஆவுடைநாயகத்துக்கு மட்டும்தான் ஞாபகம் வந்தது. சொந்தக்காரர் பூசியிருந்தால் நாய் தள்ளுபடி. வெளியாள் பூசியிருந்தால் கழுவிவிட்டு மறுபடி கொண்டுவரலாம். ஆனால் பூசியவர் ஆயுசுக்கும் கண்காட்சி மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டிருந்தது. பாவம், வருஷத்தில் ஒரே ஒரு நாள் சந்தோஷம் அவருக்கு. அவரைக் காப்பாற்ற முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முடிவு அ: திடீரென்று பெருமழை, கண்காட்சி ரத்து. முடிவு ஆ: துரைக்கு எண்ணெய் வாசனை பிடித்துப்போய்... சீ. முடிவு இ: கூட்டத்திலிருந்து வேறு யாராவது, சுடலைமாடன் என்று ஒரு...

நான் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது ஆவுடைநாயகம் கயிற்றைத் தாண்டிவிட்டார்.

முழங்கால் உயரக் கயிறு. வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஒரே எட்டு. ஒன்பது வருஷமாகப் பார்த்த வட்டம், உள்ளேயிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது. பொட்டு வாலை ஆட்டியது.

"நான்தான் தேச்சேன்" என்றார். "அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது."

"அண்ணாச்சி, நீங்க எப்ப..." என்று ஆரம்பித்தாள் மாரித்தாய்.

"சும்மா இரு தாயி. ஓடு, சீயக்கா போட்டு நல்லாக் கழுவு. சூட்டோட தேச்சிருக்க, லேசுல போவாது" என்றார் தணிந்த குரலில்.

அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் கொண்டுபோய் வெளியே விட்டார்கள். நோட்டு மரத்தடியிலேயே கிடந்தது.

7.

இனிமேல் எழுத என்னிடம் சரக்கு இல்லை. பொட்டுவுக்குக் கப்பு கிடைக்கவில்லை. அது பலவேசத்தின் வாக்கு, மாற்ற எனக்கு உரிமை கிடையாது. எத்தனை கழுவினாலும் சூட்டோடு தேய்த்த நல்லெண்ணெய் போகாது என்பது ஊரறிந்தது. வெளியே தெருவில் நின்ற ஆவுடைநாயகத்துக்குக் கைதட்டல் மட்டும் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை.

அடுத்த ஆகஸ்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தடை மைதானத்துக்குத்தான், பிளாட்பாரத்துக்கு இல்லை. அத்தனை நாய்களும் அவர் முன்னால்தான் இறங்கியாக வேண்டும். புது நோட்டு வாங்கியிருப்பார்.

என் கவலை திங்கட்கிழமைதான். பண்ணையார் ஆள் அனுப்பினாரா? ஊரே பார்க்க ஒரு ரயில்வே கிளார்க் தன் ஒரே சந்தோஷத்தைத் தூக்கிக் கொடுத்த நாயைக் கேட்க அவருக்கு வாய் வந்திருக்குமா? அனுப்பினார் என்று ஒரு பத்தி எழுதினேன். பொட்டுவின் கழுத்தில் கயிறு விழுந்ததும் அடித்துவிட்டேன். அனுப்பவில்லை என்று எழுதினேன். ஆசையில் எழுதியது அப்படியே தெரிந்தது.

சாட்சி என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று, பலவேசம் "எங்க வீட்டு நாய்" என்றார். பண்ணையார் வீட்டுக்குப் போன நாயை அப்படிச் சொல்வார்களா? இரண்டாவது, பலகைக்குக் கீழே இருந்த அந்த நாய், பொட்டுவின் வம்சமோ என்னவோ. செவலை நிறம்தான், வயிறும் ஒட்டித்தான் இருந்தது. நெற்றியைப் பார்ப்பதற்குள் பலவேசம் என்னை மல்லாக்கத் திருப்பிவிட்டார், கண்ணெல்லாம் எண்ணெய்.

நீங்கள் குற்றாலம் போனால் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து பாருங்கள். நெற்றியில் பொட்டு இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.