பொம்மை வராத பயிற்சி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்கு ஊர்ப் பெண்களைப் பழக்க ஒரு டீச்சரம்மா வந்தார். வகுப்பு நடத்த இடமில்லாமல் தெருவில் நின்றார். இடுப்பெலும்பு முறிந்து முன்னறையில் கிடந்த நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"இந்தத் தெருவுல இதைவிடப் பெரிய அறை யார் வீட்டுல இருக்கு? இங்கயே நடத்துங்க."

வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

பயிற்சிக்கு ஓர் ஆளுயரப் பொம்மை வரவேண்டியிருந்தது. வரவில்லை.

"அது வர்ற வரைக்கும் ஐயாவை வச்சுப் பழகிக்கலாமா?" என்றார் டீச்சரம்மா. அத்தனை பெண்களுக்கு எதிரில் எப்படி மறுப்பது? அன்றிலிருந்து நான்தான் பொம்மை. விரிப்போடு சேர்த்துப் பிடித்து என்னைப் புரட்டினார்கள். முதுகைத் துடைத்தார்கள். நகம் வெட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் என் மருமகளும் இருந்தாள். தேறினால் நகரத்தில் வேலை, தங்க இடமும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகனைக் கூப்பிட்டேன். "நம்ம வீட்டுப் பொண்ணு கூலிக்கு அடுத்தவன் உடம்பைத் துடைக்கப் போறதா?"

"உங்க உடம்பை அவதானேப்பா துடைக்கிறா?"

"அது வேற. நான் மாமனார்."

"அங்க சம்பளம் தருவாங்க. அது ஒண்ணுதான் வேற."

அவன் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். பேச்சையும் மூட்டையைப் போலத்தான் இறக்குவான்.

அவளைத் தடுக்க எனக்கு ஒரே வழி இருந்தது. பரீட்சையும் என் உடம்பின் மேல்தான். நோயாளி வலியில் கத்தினால் தேர்ச்சி கிடையாது என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். ஒரு கத்து போதும்.

பரீட்சை எடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஜன்னலில் பாதித் தெரு நின்றது. முன்னால் என் மைத்துனன்.

"அத்தான், இடுப்பு உடைஞ்ச அன்னைக்குப் போட்ட சத்தத்தைத் திரும்பப் போட்டுறாதீங்க. அன்னைக்கு மிரண்ட என் மாடு இன்னும் பால் விடல."

எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் சத்தம் போட்டதை நீ கேட்டியா?"

"நான் மட்டுமா கேட்டேன்?"

மருமகள் ஜன்னலையும் பரீட்சைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். "திருப்பப் போறேன் மாமா" என்று விரிப்பைத் தன் பக்கம் இழுத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஒருநாளும் மறக்காதவள் அன்று மறந்தாள். மேல்கால் கீழே சரிந்தது. இடுப்புக்குள் கடப்பாரை விட்டு நெம்பியது போலிருந்தது. கால்களைப் போர்வை மூடியிருந்ததால் பரீட்சைக்காரர் கவனிக்கவில்லை.

கத்துவதற்கு இப்போது பொய்கூடத் தேவையில்லை. வாயைத் திறந்தேன். ஜன்னலில் மைத்துனன் இரண்டு கைகளையும் காதருகே தூக்கி, பொத்திக்கொள்ளத் தயாராக நின்றான்.

வாயை மூடிக்கொண்டேன்.

"வலிச்சுதாங்க ஐயா?" என்றார் பரீட்சைக்காரர்.

"வலியா? எனக்குத் தூக்கமே வந்துடுச்சு."

மருமகள் என் நெற்றி வேர்வையைத் துடைக்கக் குனிந்தாள். அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில் கிடந்த தலையணை அவள் கண்ணில் பட்டது. முகம் வெளுத்தது. துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தேறிவிட்டாள்.

அவள் கிளம்பிய காலையில் மகன்தான் என்னைத் திருப்பினான். சுவர்ப்பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். தலையணையை அவனும் மறந்திருந்தான். மருமகள் உள்ளே வந்து, என் காலை மெல்லத் தூக்கி அதை வைத்தாள்.

"போயிட்டு வரேன் மாமா. இந்தப் பக்கம் திருப்பி விடட்டுமா?"

"வேண்டாம். இதுதான் வசதி."

போர்வையைச் சரிசெய்தாள். பிறகு அவள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. என் கண்ணுக்கு நேராகக் காரை பெயர்ந்த சுவர். ஜன்னல் முதுகுக்குப் பின்னால். பஸ் உறுமி நகர்ந்தது.

"அத்தான், மருமக பஸ் ஏறியாச்சு. கை காட்டுச்சே, பார்த்தீங்களா?" என்றது தெருவிலிருந்து மைத்துனனின் குரல்.

"பார்த்தேன்" என்றேன், சுவரைப் பார்த்தபடி.