ஒரே டிரம்மில் போட்ட பித்தளை

சுழல் டிரம் நின்றதும் மார்னி மூடியைத் திருகித் திறந்தாள். நுரை பொங்கி அவள் முழங்கை வரை வழிந்தது. கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு கை அள்ளினாள். சுட்டுக் கறுத்துப்போயிருந்த தோட்டா உறைகள் கராஜ் ஜன்னல் வெயிலில் பொன்னாக மின்னின. எஃகு ஊசிகளும் சோப்பும் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் சேர்ந்து, அடியில் வெடி கேப்பு உட்காரும் குழியில்கூட அழுக்கை விட்டுவைக்கவில்லை.

"ஷெல்பி! வந்து பாரேன். கடையில வாங்கினப்பகூட இப்படிப் பளபளக்கல!"

ஷெல்பி, மார்னியின் கணவன் கர்ட்டின் தங்கை. கையைத் துடைத்தபடி வந்தாள். ஓர் உறையை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு குனிந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுல உன்னுது எது, என்னுது எதுடி?"

மார்னி இன்னும் நாலைந்தை அள்ளி அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் குறி இல்லை. இரண்டு தடவை கழுவ நேரமில்லை என்று ஒன்றாகப் போட்டதே அவள்தான். தன் உறைகளின் அடியில் சிவப்பு மார்க்கர், ஷெல்பியுடையதில் நீலம் என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டு, மை காயும்வரை காத்திருந்துதான் போட்டாள். வெடிப்புகையையே உரித்தெடுக்கும் டிரம் மையை மட்டும் விட்டுவைக்குமா? இதை ஏன் யோசிக்கவில்லை?

இரண்டு பேரின் துப்பாக்கியும் ஒரே ரகம். ஆனால் தோட்டா உட்காரும் அறை ஷெல்பியுடையதில் ஒரு மயிரிழை அளவு கூடுதல் அகலம். சுடும்போது உறை அந்த அறையின் அளவுக்கு உப்பிவிடும். மொன்டானா மாநில அணியில் மிச்சமிருப்பது ஒரே இடம். அதற்காக நாளைக் காலை இவர்கள் இருவரும்தான் மோதப்போகிறார்கள்.

"சிரிக்காதடி. உன் துப்பாக்கி எதைக் குடுத்தாலும் முழுங்கும். உன் உறை என்னுதுல வந்தா, நான் அறைய மூடுற போல்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பேன்."

"என் அச்சுல விட்டு எல்லாத்தையும் சின்னதாக்கிக்கோ."

"உள்ள போகும். குண்டு எங்க போய் அடிக்கும்? என்னுதெல்லாம் என் துப்பாக்கிக்குன்னே படிஞ்ச உறைடி."

"அப்ப நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தாலே ஜெயிச்சேன்னு சொல்லு."

"போகலையே, ஏன்?"

"உள்ள சில்லி கொதிக்குதே, அதான்."

மார்னி மேசைமேல் கிடந்த தன் துப்பாக்கியை முறைத்தாள். எதையும் எளிதில் ஏற்காத சிடுமூஞ்சி. சட்டென்று நிமிர்ந்தாள். ஏற்காது என்றால், அதையே கேட்டுவிடலாமே!

ஓர் உறையைத் துடைத்து, உள்ளே ஊசி ஏதும் தங்காமல் உதறி, அறைக்குள் தள்ளி போல்ட்டை மடக்கினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்தது பாதியில் முரண்டு பிடித்தது.

"இது உன்னுது! ஷெல்பி, இது உன்னுது!"

"அட என் தங்கமே! குடு, நான் துடைக்கிறேன்!"

பிறகு கராஜே திருவிழாக் கடையானது. ஒருத்தி துடைத்து நீட்ட, ஒருத்தி மடக்கிப் பார்க்க, "என்னுது", "உன்னுது" என்ற கூச்சல் தெருவரை கேட்டது. எல்க் மான் கறிச் சில்லிக் குழம்பும் பட்டை பன்னும் கொண்டுவந்த கர்ட் வாசலிலேயே நின்றான்.

"போட்டி நாளைக்குன்னுல்ல நெனச்சேன்?"

"வச்சுட்டு ஓடு!" என்றார்கள் இருவரும்.

மார்னிக்குப் போட்டிக்குத் தேவையான உறைகளில் இன்னும் ஒன்றுதான் குறைந்தது. மிச்சமிருந்த கடைசி உறையும் இறங்கியது. ஆனால் முடிவில் லேசாக இழுத்தது. மார்னி மூன்று முறை மடக்கிப் பார்த்தாள். தன்னுடையதா? தன் கைதான் சந்தேகப்படுகிறதா?

"கடைசிக்கு வச்சுக்கோ," என்றாள் ஷெல்பி, வாய் நிறைய பன்னோடு. "அதுக்குள்ள நான் ஜெயிச்சிருப்பேன்."

மார்னி எல்லாவற்றிலும் கேப்பு பொருத்தி, மருந்து அளந்து, குண்டு வைத்தாள். சந்தேகத் தோட்டாவைப் பெட்டியின் கடைசிக் குழியில் செருகினாள்.

மறுநாள் காலை போட்டித் திடலில் பாய்மேல் குப்புறப் படுத்தபோது கை அந்தக் குழிக்கே போனது. கடைசிச் சுற்றுவரை இதையே நினைத்துக்கொண்டு சுடுவதா? முதல் வேட்டு குறிபார்க்கத்தான், கணக்கில் வராது. அதையே எடுத்துப் போட்டாள். போல்ட் இழுத்தது. உள்ளங்கையால் அழுத்தினாள். மூடிக்கொண்டது. வெடித்தது. போகட்டும் சனியன்!

அடுத்த தோட்டா வெண்ணெயில் கத்தியாக இறங்கியது.

"இறங்குச்சா?" பக்கத்துப் பாயிலிருந்து ஷெல்பி கிசுகிசுத்தாள்.

"இறங்குச்சுடி!"

அதன்பின் மார்னி போல்ட்டை நினைக்கவேயில்லை. நடு வட்டம், நடு வட்டம், ஓரம், மறுபடி நடு வட்டம். ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தபோது, ஒரே ஒரு புள்ளி அதிகம் என்று சொன்னதைக்கூடக் கேட்காமல் துள்ளினாள்.

ஷெல்பி வந்து இறுகக் கட்டிப்பிடித்தாள். பிறகு தன் பை நிறைய இருந்த, அப்போதுதான் சுட்ட உறைகளை, மார்னி சுட்டவை கிடந்த வாளிக்குள் கொட்டி நன்றாகக் கலக்கிவிட்டாள்.

"வாழ்த்துகள். இப்ப உக்காந்து பிரி!"