கோடு தாண்டிய செவ்வாய்

செவ்வாய் ஏழாம் வீட்டில் இருக்கிறது என்று ஜோசியர் ஐயாசாமி சொன்ன மாத்திரத்தில் செல்வராணியின் முகத்தில் ஈயாடவில்லை. பெண் ஜாதகத்தில் செவ்வாய் ஏழில் நின்றால் கட்டிக்கொள்கிறவனின் ஆயுளுக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் மலேசியாவின் சிகாமட்டிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. செல்வராணி அவர்களில் முதல் வரிசை. கட்டிக்கொள்ளப் போகிறவன் அவருடைய ஒரே மகன் லோகேஸ்வரன்.

பெண் லோஷினி. அப்பா ராஜசேகரனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று விழித்துக்கொண்டிருந்தாள். அவளும் லோகேஸும் விரும்பி, இரண்டு வீட்டிலும் சரியென்று சொல்லி, மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஜாதகம் வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லாரும் ஜோசியர் வீட்டுக்கு வந்தார்கள். அவளுடைய பழைய ஜாதகம் கையில் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. அது போன வெள்ளத்தில் அலமாரியோடு ஊறிக் கூழாகிவிட்டது. பிறந்த நேரத்தைக் கொடுத்துப் புதிதாகக் கணிக்கச் சொன்னார்கள். அது இப்படி வந்து நிற்கிறது.

“ஐயா, எம்மக பொறந்தப்ப பாத்தவரு அப்படி ஒன்னும் சொல்லலையே,” என்றார் ராஜசேகரன்.

“அப்ப கையால போட்டது. இது கம்ப்யூட்டர். நீங்களே பாருங்க,” என்று ஐயாசாமி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். கட்டத்தில் ரிஷபத்துக்குள் ‘செவ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இவளுக்கு விருச்சிக லக்கினம். விருச்சிகத்துக்கு ஏழாவது ரிஷபம். இதில் வாதாட என்ன இருக்கிறது? ராஜசேகரன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

செல்வராணி எழுந்தார். “உங்க பொண்ணு தங்கமான பொண்ணுதான்ணே. நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான் லா. மன்னிச்சிருங்க.” காரில் ஏறுமுன் லோகேஸ் மட்டும் லோஷினியிடம் வந்து, “கொஞ்சம் டைம் குடு. நான் எங்கயும் போகல,” என்றான். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

செல்வராணியைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாளின் கதை அவர் ஊரான பெக்கோக்கில் எல்லாருக்கும் தெரியும். லோகேஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷனைப் பறிகொடுத்தவர். உன் செவ்வாய்தான் அவனைத் தின்றது என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்களாம். அதையும் கேட்டுக்கொண்டு, ரப்பர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து மகனைப் படிக்க வைத்தார். சூடு பட்டவர் தீயைக் கண்டு பயப்படுகிறார். அவரிடம் போய் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்ய லோஷினி அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

மறுநாள் காலையில் அப்பா எடுத்த படத்தைத் திரும்பப் பார்த்தாள். அழுது முடித்த கண்ணுக்குச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும்போல. மேஷக் கட்டத்தில் ‘சூ பு’ என்று சூரியனும் புதனும் கோட்டை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம், ரிஷபத்தின் வாசலிலேயே, ‘செவ்’. அந்த ‘செ’யின் கொம்பு கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மற்ற கட்டங்களிலும் அதே நெரிசல்.

லோஷினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்த நெரிசலை அவளுக்குத் தெரியும். கையுறைத் தொழிற்சாலை ஆபீசில் கணினிப் பிரச்சினைகளைப் பார்ப்பதுதான் அவள் வேலை. அங்கே புதிதாகப் பளபளவென்று மடிக்கணினிகள் வந்தபோது பழைய வருகைப் பதிவு மென்பொருளில் இதே கூத்து நடந்தது. ஓவர்டைம் கணக்கு பக்கத்துக் கட்டத்தில் விழுந்து லீவாகத் தெரிய, ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

“அப்பா, வண்டிய எடுங்க. ஜோசியர் வீட்டுக்குப் போலாம்,” என்றாள்.

ஐயாசாமி கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பழைய கணினியும் அதே வெள்ளத்தில் போனது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஜெயபாலன், அப்பாவுக்கு நல்லதாகவே இருக்கட்டும் என்று கடையில் இருந்ததிலேயே கூர்மையான திரை கொண்ட மடிக்கணினியை வாங்கி அனுப்பினான். வந்தது வினை.

“ஐயா, இந்த லேப்டாப்புல மொதல்ல எழுத்து எப்படித் தெரிஞ்சுச்சு?” என்று லோஷினி கேட்டாள்.

“அலமாக், அத ஏன் கேக்கற! எறும்பு மாதிரி. பூதக்கண்ணாடி வச்சாக்கூடத் தெரியாது. மகன்தான் போன்லயே சொல்லிக் குடுத்தான். எங்கயோ போயி இருநூத்தி அம்பதுன்னு வைக்கச் சொன்னான். அப்புறம் ஜோரா இருக்கு.”

அங்கேதான் கோளாறு. சின்னத் திரையில் ஏராளமான புள்ளிகளை அடைத்து வைத்திருப்பதால் எல்லாம் பொடியாகத் தெரியும். அதனால் எழுத்தை இத்தனை மடங்கு பெரிதாக்கு என்று கணினிக்குச் சொல்லிவிடுவார்கள். புது மென்பொருள் அதற்குத் தகுந்தபடி கட்டத்தையும் பெரிதாக்கிக்கொள்ளும். ஐயாசாமியின் ஜோசிய மென்பொருளோ அவருடைய பழைய கணினிக்கும் மூத்தது. எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு, கட்டத்தை அந்தக் காலத்து அளவிலேயே வரைந்தது. சட்டைக்குள் அடங்காத தொப்பை மாதிரி எழுத்து வெளியே வழிந்தது.

லோஷினி இதைச் சொல்லவில்லை. சொன்னால் பெண் தன் கல்யாணத்துக்காகக் கதை கட்டுகிறாள் என்று ஆகிவிடும். “நீங்களே பாருங்கய்யா,” என்று இருநூற்றைம்பது சதவீதத்தை நூறுக்குக் குறைத்தாள். மென்பொருளை மூடித் திறந்து தன் ஜாதகத்தை மறுபடி போட்டாள். எறும்புகள் வந்தன. ஐயாசாமி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

“சூ... பு... செவ்.” நிமிர்ந்தார். திரும்பக் குனிந்தார். “மூணும் மேஷத்துலயே இருக்கே.”

“ஆமாய்யா.”

“மேஷம்னா ஆறாம் இடம். அதுவும் செவ்வாயோட சொந்த வீடு. தோஷம் எங்க இருக்கு?”

லோஷினி மீதி வேலையை முடித்தாள். மென்பொருளின் மேல் வலது சொடுக்குப் போட்டு, அதன் ‘பண்புகள்’ பக்கத்துக்குள் போய், பெரிதாக்கும் பொறுப்பை மென்பொருளிடமிருந்து பிடுங்கி விண்டோஸிடம் ஒப்படைத்தாள். பிறகு இருநூற்றைம்பதைத் திரும்ப வைத்தாள். இப்போது கட்டமும் எழுத்தும் சேர்ந்தே பெரிதாயின. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அவரவர் அவரவர் வீட்டில் இருந்தார்கள். இவ்வளவு நாளும் திரைக்குக் கீழே ஒளிந்திருந்த ‘அடுத்து’ என்ற பொத்தானும் மேலே வந்தது. அதை அழுத்தினால் கிரகங்களின் பட்டியல்: செவ்வாய், மேஷம்.

“இந்தப் பொத்தான் பழைய மெஷின்ல இருந்துச்சு. புதுசுல எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்,” என்றார் ஐயாசாமி. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. “அம்மாடி, விரல் விட்டுக் கணிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். சோம்பேறித்தனம். ஒரு பொண்ணு வாழ்க்கைல வெளையாடிட்டேனே. நட, மொதல்ல பெக்கோக் போலாம். இந்த லேப்டாப்புல கட்டம் பாத்துக் குடுத்த மத்தவங்களுக்கு வழியிலயே போன் போட்டுச் சொல்லிர்றேன்.”

சொன்னபடியே செய்தார். ராஜசேகரன் காரை ஓட்ட, ஐயாசாமி பின்சீட்டில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். யாரோ ஒருவர் பலமாகத் திட்டியது முன்சீட்டில் இருந்த லோஷினிக்கே கேட்டது. அவர் அதற்கும் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

தீராதது வேறொன்று. கட்டம் சரியாக இருந்தால் நல்ல மருமகள், கோணலாக இருந்தால் வேண்டாதவளா? நாளைக்கு வேறொரு ஜோசியர் வேறொன்று சொன்னால்? அந்த முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

செல்வராணி வீட்டில் லோகேஸும் இருந்தான். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்றான். ஐயாசாமி மடிக்கணினியை மேசைமேல் வைத்து, தப்பு இன்ன இடத்தில் என்று மறைக்காமல் சொன்னார். கட்டத்தைக் காட்டினார், பட்டியலைக் காட்டினார்.

செல்வராணி சந்தோஷப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என்னோடது?” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“என் கட்டத்துலயும் ஏழுல செவ்வாய்னுதானே சொன்னாங்க. அதனாலதான் இவங்கப்பா போனாருன்னு சொன்னாங்க. ஒருவேளை அதுவும் தப்பா இருந்தா? எனக்குப் பொறந்த நேரம் தெரியும், ஐயா. போட்டுப் பாருங்க.” ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தேர்வு முடிவைக் கேட்பதுபோல் கேட்டார்.

ஐயாசாமி விசைப்பலகையில் கை வைத்தார். லோஷினி அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். வருகிற கட்டத்தில் செவ்வாய் ஏழில் இருந்தால் இந்த அம்மாள் இன்னொரு முறை செத்துப்போவார். இல்லாவிட்டால், வீணாகச் சுமந்த அத்தனை வருஷத்தையும் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பார்?

“ஆன்ட்டி, அங்கிள் எப்படி எறந்தாங்க?”

“வேலைக்குப் போற வழியில. லோரி மோதிருச்சு. டிரைவர் தூங்கிட்டான்.”

“அந்த டிரைவரோட ஜாதகத்த யாராச்சும் பாத்தாங்களா, ஆன்ட்டி?”

செல்வராணி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. லோகேஸ் ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்தான். அவர் லோஷினியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, இறுக்கம் விடாமல், அழுது முடிக்கும்வரை அழுதார். ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்து, கையை நீட்டி மடிக்கணினியைத் தானே மூடினார்.

“எனக்கும் வேணாம், இவளுக்கும் வேணாம். நேத்தே மூடியிருக்கணும்,” என்றார். “உக்காருங்க, பசிக்குது. எல்லாரும் சாப்பிடலாம். ஐயா, கல்யாணத்துக்குத் தை மாசத்துல ஒரு நாள் பாத்துச் சொல்லிருங்க.”

“நாள் பாக்க இதத் தொறக்கணுமேம்மா,” என்றார் ஐயாசாமி பயந்தபடி.

செல்வராணி சுவரில் மாட்டியிருந்த, முகூர்த்த நாள் அச்சிட்ட தமிழ் நாட்காட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, அவர் மடியில் போட்டார்.